ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் ஏன் கீழே விடுகிறார்கள்?

குடியாத்தத்தில் இருந்து பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “அமெரிக்காக்காரன் 1981-லேயே ஷட்டிலை விண்வெளிக்கு அனுப்பி, பத்திரமாகத் தரையிறக்கிவிட்டான். நாம் 2024-லும் புஷ்பக் என்று பெயர் வைத்து, ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிப்போய்க் கீழே விடுகிறோம். இது சோதனையா, வேடிக்கையா? ராக்கெட்டையே காலூன்றி நிற்கவைக்கிற காலத்தில் இறக்கை எதற்கு, சார்?”

நான் காட்பாடிப் பக்கம் முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இஸ்ரோவின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் இறக்கை வைத்த விண்கலம் என்றால் எனக்குப் பைத்தியம், படித்துக்கொண்டே இருப்பேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

புஷ்பக் என்பது இஸ்ரோ சோதித்துப் பார்க்கும், மறுபடி பயன்படுத்துவதற்கான இறக்கை வைத்த விண்கல மாதிரி. ஷட்டிலும் இறக்கை வைத்த விண்கலம்தான். முதலில் ஹெலிகாப்டர் விஷயம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை தம்பி. நீங்கள் சொன்ன அதே ஷட்டில் வகைக் கலம் ஒன்று, 1981-க்கு நான்கு வருடம் முன்பு, போயிங் 747 விமானத்தின் முதுகில் ஏறித்தான் மேலே போனது. என்டர்பிரைஸ் என்று பெயர். 1977 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஐந்து முறை அந்த முதுகிலிருந்து கழற்றிவிட்டுத் தரையிறக்கிப் பார்த்தார்கள். அந்தக் கலம் கடைசிவரை விண்வெளிக்குப் போகவே இல்லை. அதன் வேலை இறங்குவது மட்டும்தான். ஜப்பான்காரர்கள் 1996-ல் ஆஸ்திரேலியாவின் வூமேரா பாலைவனத்தில் ஒரு சிறிய மாதிரியை ஹெலிகாப்டரிலிருந்து 13 முறை விட்டார்கள். அமெரிக்காவின் எக்ஸ்-37பி இன்று இரண்டு வருடத்துக்கும் மேலாக விண்ணில் சுற்றிவிட்டுத் தானே வந்து இறங்குகிறது. அதற்கு முன்னோடியான எக்ஸ்-40ஏ-வை 2001-ல் எதிலிருந்து விட்டார்கள் தெரியுமா? சினூக் ஹெலிகாப்டரிலிருந்து. நம் விமானப்படை இப்போது தூக்கிப்போனதும் சினூக்கில்தான்.

ஆக, எல்லோரும் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். ஏன் என்று புரிய வேண்டுமானால், மேலிருந்து இறங்குவது எப்படிப்பட்ட வேலை என்று பார்க்க வேண்டும்.

ஏலகிரியிலிருந்து பொன்னேரிக்கு இறங்குகிற பேருந்தில் போயிருப்பீர்கள். 14 கொண்டை ஊசி வளைவு. பழகிய ஓட்டுநர் கியரைக் குறைத்து, இன்ஜினை வைத்தே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு வருவார். புதிதாகக் கார் ஓட்டுபவர் பிரேக்கிலேயே காலை வைத்திருப்பார். அடிவாரத்துக்கு வரும்போது லைனிங் கருகிய வாடை குடலைப் பிடுங்கும். மலை உச்சியில் வண்டிக்கு இருந்த ஆற்றல் எங்கும் மாயமாகிவிடவில்லை. பிரேக்கில் சூடாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இப்போது பூமியைச் சுற்றும் விண்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேகம் நொடிக்கு சுமார் 7.8 கி.மீ. அந்த வேகத்தில் வேலூரிலிருந்து சென்னைக்குப் பதினெட்டு நொடி. ஒரு கிலோ எடையுள்ள பொருள் அந்த வேகத்தில் போனால் அதனிடம் சுமார் 3 கோடி ஜூல் ஆற்றல் இருக்கும். 11 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்க அது போதும். இது ஒரு கிலோவுக்கு. கலத்தின் எடையோ டன் கணக்கில். இறங்கி நிற்பதற்குள் இத்தனையையும் எங்காவது கொட்டியாக வேண்டும். இன்ஜினை எதிர்ப்பக்கமாக எரித்து நிறுத்தலாம் என்றால், மேலே ஏற எவ்வளவு பெரிய ராக்கெட் வேண்டியிருந்ததோ ஏறக்குறைய அதே அளவு ராக்கெட்டை மேலேயும் கொண்டுபோக வேண்டும். நடக்காத காரியம். ஆகவே பிரேக் என்பது காற்று மட்டும்தான். எரிபொருளைக் கொஞ்சூண்டு எரித்துப் பாதையைக் கீழே வளைத்துவிடுவார்கள். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

உராய்வால் சூடாகிறது என்று பாடப்புத்தகப் பாணியில் நானும் பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பெரும்பகுதி உராய்வு இல்லை. கலத்துக்கு முன்னால் இருக்கும் காற்று விலக நேரமில்லாமல் நசுங்குகிறது. நசுங்கிய காற்றுதான் கொதிக்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அடித்தால் அடிப்பக்கம் சுடுமே, அதே கதை. மூக்கு ஊசிபோல் இருந்தால் அந்தச் சூடு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மழுங்கலாக இருந்தால் சூடான காற்று சற்றுத் தள்ளி நின்று, பெரும்பகுதிச் சூட்டைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஓடிவிடும். அதனால்தான் ஷட்டில் மூக்கை 40 டிகிரி தூக்கி, வயிற்றைக் காட்டிக்கொண்டு காற்றில் நுழைந்தது. இறக்கை இருப்பதால் அது மறுபடி மேலே எகிறிவிடாமல் இருக்க ஒரு பக்கம் சாய்ந்து, அப்புறம் மறுபக்கம் சாய்ந்து, பாம்பு நெளிவதுபோல் வரும். ஏலகிரிக் கொண்டை ஊசி வளைவு வானத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்படி வளைந்து வந்தும் மூக்கிலும் இறக்கையின் முன்விளிம்பிலும் 1,600 டிகிரிக்கு மேல் சூடேறும். உள்ளே இருப்பது அலுமினியம். அது 660 டிகிரியில் உருகிவிடும்.

நடுவில் நின்று காப்பாற்றுவது ஓடு. வீட்டுக்கூரை ஓட்டுக்குத் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் குணம் வேறு. நம் கரிகிரியில் சூளையிலிருந்து எடுத்த சட்டியைத் துணி சுற்றாமல் தொட முடியுமா? ஷட்டிலின் ஓடு ஒன்றை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி, அடுப்பிலிருந்து எடுத்த சில நொடிகளில், நடுப்பகுதி செக்கச் சிவந்து இருக்கும்போதே மூலைகளை வெறும் விரலால் பிடித்துக் காட்டுவார்கள். காரணம், அது மெல்லிய சிலிக்கா இழைகளால் ஆனது. கொள்ளளவில் பத்தில் ஒன்பது பங்கு வெற்றிடம். தெர்மோகோல் மாதிரி இலேசு, தெர்மோகோல் மாதிரியே நொறுங்கும். அங்கேதான் தலைவலி. கலத்தின் அலுமினிய உடம்பு சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும், காற்றில் அதிரும். ஓடு எதற்கும் வளைந்துகொடுக்காது. நேரடியாக ஒட்டினால் வெடித்துப்போகும். எனவே ஓட்டுக்கும் உடம்புக்கும் நடுவே கம்பளித்துணி போன்ற ஒரு மெத்தையை வைத்து ஒட்டி, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளியும் விட்டார்கள். ஒரு கலத்துக்கு 24,000-க்கு மேற்பட்ட ஓடுகள். உடம்பின் வளைவுக்கு ஏற்ப ஒவ்வொன்றும் தனித்தனி வடிவம். ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது. 1979-ல் கொலம்பியா என்ற ஷட்டிலைத் தொழிற்சாலையிலிருந்து 747 முதுகில் ஏற்றி ஏவுதளத்துக்குக் கொண்டுபோனபோதே, விண்வெளியைப் பார்ப்பதற்கு முன்பே, வழியில் ஓடுகள் உதிர்ந்தன. பிறகு அதே கொலம்பியா 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரோடு சிதறியதற்குக் காரணம் ஓடு அல்ல. ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் இருந்த கார்பன் பலகையை உடைத்திருந்தது. பதினாறு நாள் கழித்துத் திரும்பும்போது அந்தத் துளை வழியாகத்தான் சூடு உள்ளே போனது.

இந்தப் பகுதியை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு விண்கலத்தின் பயணம் என்பது ஒரே நூல் மாதிரி தெரிந்தாலும், அதை முழுசாக ஒத்திகை பார்க்க வழியே கிடையாது. விமானத்தை முதல் நாள் தரையில் ஓட்டிப் பார்க்கலாம், மறுநாள் பத்து நிமிடம் பறந்துவிட்டு இறக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டலாம். விண்கலத்தை “கொஞ்சம்” சுற்றுப்பாதைக்கு அனுப்ப முடியாது. அதனால் பயணத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சோதிக்கிறார்கள். இஸ்ரோ இதுவரை வெட்டியெடுத்தது இரண்டு துண்டு.

முதல் துண்டு 2016 மே 23. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து காலை ஏழு மணிக்கு, திட எரிபொருள் பூஸ்டர் ராக்கெட் ஒன்றின் தலையில் இறக்கைக் கலத்தை உட்காரவைத்து ஏவினார்கள். ஆறரை மீட்டர் நீளம், 1.75 டன் எடை. பூஸ்டர் ஒன்றரை நிமிடம் எரிந்தது. கலம் சுமார் 65 கி.மீ. உயரம் தொட்டு, ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் காற்றுக்குள் திரும்பி, மொத்தம் 770 நொடியில் 450 கி.மீ. தள்ளி வங்கக்கடலில் போய் இறங்கியது. அதைக் கடலிலிருந்து எடுத்துவரும் எண்ணம் தொடக்கத்திலேயே இல்லை. ஓடு தாங்குகிறதா, ஒலியைவிட வேகமாகப் போகும்போது அது தன்னைத்தானே திருப்பிக்கொள்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். பார்த்தாயிற்று.

மறுநாள் சில பத்திரிகைகள் இந்தியாவின் ஷட்டில் தயார் என்ற மாதிரி எழுதின. எனக்கு அப்போதே எரிச்சல். ஒலியின் ஐந்து மடங்கு என்பது பெரிய வேகம்தான், சந்தேகமில்லை. ஆனால் சுற்றுப்பாதையிலிருந்து வரும் கலம் காற்றில் நுழைவது ஒலியின் 25 மடங்கு வேகத்தில். வேகம் ஐந்து மடங்கு என்றால் ஆற்றல் 25 மடங்கு. மலையின் கடைசி ஒரு வளைவில் வண்டியை இறக்கிப் பார்த்துவிட்டு, பிரேக் சரியாக இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். சொல்வது பொய்யில்லை, மேலே இருக்கும் வளைவுகளைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது துண்டுதான் உங்கள் ஹெலிகாப்டர். கர்நாடகாவில் சித்ரதுர்கா மாவட்டம் செல்லகெரேயில், 2023 ஏப்ரல் 2, 2024 மார்ச் 22, 2024 ஜூன் 23 என மூன்று முறை. கடல் மட்டத்திலிருந்து நாலரை கி.மீ. உயரத்துக்குச் சினூக் தூக்கிப்போகும். ஓடுதளத்துக்கு நாலு, நாலரை கி.மீ. தொலைவில் கழற்றிவிடும். அங்கிருந்து கலம் தானே ஓடுதளத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். உள்ளே ஆள் இல்லை, இன்ஜின் இல்லை, கீழிருந்து ஜாய்ஸ்டிக்கும் இல்லை.

மேலே சொன்ன இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயரமும் தூரமும் ஏறக்குறைய சமம். மீனம்பாக்கத்தில் இறங்கும் பயணிகள் விமானம் கடைசிக் கட்டத்தில் மூன்று டிகிரி சரிவில் சாவகாசமாக வரும். இது பருந்து கோழிக்குஞ்சின் மேல் பாய்கிற சரிவு. இறக்கை குட்டை, உடம்பு தடி; சூட்டைத் தாங்குவதற்காகச் செய்த வடிவம் மிதப்பதற்கு லாயக்கில்லை. அதனால் வேகமாக வந்தால்தான் மிதக்கும். கடைசி நொடிகளில் மூக்கைத் தூக்கி, சரிவைத் தட்டையாக்கி, சக்கரத்தை மெதுவாக வைக்க வேண்டும். தவறினால் இன்ஜினை முடுக்கி மறுபடி ஒரு சுற்று வர வழியில்லை.

அந்தக் கடைசி நொடிகள் எப்படிப்பட்டவை என்று எனக்குப் புத்தகம் சொல்லித் தரவில்லை, பாலாறு சொல்லித் தந்தது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், விரிஞ்சிபுரம் பக்கம் காய்ந்து கிடந்த ஆற்று மணலில், பிளஸ் டூ பையன்களோடு தெர்மோகோலில் ஒரு குட்டை இறக்கைக் கிளைடர் செய்து விட்டோம். வாலில் ஒரு சின்ன மோட்டார், கையில் ரிமோட். மூக்குக்கு எடை வேண்டும் என்று ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தோம். கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு தம்பி தன் ட்ரோனில் கட்டி மேலே கொண்டுபோய் விட்டார். முதல் தடவை ரிமோட் வைத்திருந்த பையன் பயந்து சீக்கிரமே மூக்கைத் தூக்கிவிட்டான். கிளைடர் இரண்டு ஆள் உயரத்தில் அப்படியே நின்றது, வேகம் செத்தது, தொப்பென்று வால் பக்கமாக மணலில் உட்கார்ந்தது. இரண்டாம் தடவை, போன முறை அவசரப்பட்டோமே என்று காத்திருந்தான். மூக்கு மணலில் புதைந்து நாணயம் எங்கேயோ தெறித்துவிட்டது. சரியான நேரம் என்பது அந்த இரண்டுக்கும் நடுவில் அரை நொடிகூட இல்லை.

என்டர்பிரைஸின் ஐந்தாவது இறக்கத்திலும் கிட்டத்தட்ட இதே அவஸ்தைதான். விமானி விசையை இழுக்கிறார், கலம் சற்றுத் தாமதித்துப் பதில் சொல்கிறது, அதற்குள் அவர் மறுபக்கம் திருத்துகிறார், கலம் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது, தரையில் பட்டு எகிறி மறுபடி இறங்குகிறது. கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த அந்தக் கோளாறு 747-இன் முதுகிலிருந்து விட்டதால்தான் 1977-லேயே வெளியே வந்தது. முதன்முதலாக விண்வெளியிலிருந்து திரும்பும் நாளில் வெளிப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போது சொல்லுங்கள், மேலே தூக்கிப்போய்க் கீழே விடுவது வேடிக்கையா?

செல்லகெரே மூன்றும் ஒன்றின் நகல் ஒன்று அல்ல. முதல் முறை ஓடுதளத்துக்கு நேராக விட்டார்கள். இரண்டாம் முறை 150 மீட்டர் பக்கவாட்டில் விலக்கி விட்டார்கள். கலம் தானே தவறை உணர்ந்து நேராக வர வேண்டும். மூன்றாம் முறை 500 மீட்டர் விலக்கம், காற்றும் இன்னும் மோசம். மூன்றிலும் நடுக்கோட்டைப் பிடித்தது. தரையைத் தொட்டபோது வேகம் மணிக்கு 320 கி.மீ.க்கு மேல், போர் விமானமே 280-ல்தான் தொடும். பின்னால் பாராசூட் விரிந்து சுமார் 100-க்குக் குறைத்தது, அப்புறம்தான் சக்கரப் பிரேக். 320 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடுதளம் 11 நொடியில் தீர்ந்துபோகும். நம் அப்துல்லாபுரம் விமானத்தளத்தில் இறக்க முடியுமா என்று என் பேரன் கேட்டான். வேண்டாம்டா, தாண்டிப்போய் நெடுஞ்சாலையில் நிற்கும் என்றேன். அரக்கோணம் கடற்படைத் தளம் என்றால் சரி. அங்கே நாலு கி.மீ.க்கு மேல் நீளம் இருக்கிறது.

இனி இறக்கையா, காலா என்ற கேள்வி. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே போட்டியில் ஓடவில்லை. 2015 டிசம்பரிலிருந்து ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 காலூன்றி இறக்குவது ராக்கெட்டின் அடிப்பகுதியான முதல் அடுக்கை. அது சுற்றுப்பாதைக்குப் போவதில்லை. பாதி வழியில் கழன்று, மிச்சம் வைத்த எரிபொருளை எரித்து இறங்குகிறது. சுற்றுப்பாதையிலிருந்து வருவது வேறு சாதி வேலை. அதற்கு இறக்கை நல்லது: மென்மையாக, உலுக்காமல் வரும், பாதையிலிருந்து பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான கி.மீ. விலகி, வேண்டிய ஓடுதளத்துக்குப் போகும். கெட்டதும் உண்டு. மேலே ஏறும்போது இறக்கையும் சக்கரமும் வெறும் பாரம், அதற்கு ஈடாகச் சரக்கைக் குறைத்தாக வேண்டும். சரக்கு ஏற்றத்துக்கு மட்டும் என்றால் நான் இறக்கைக்கு ஓட்டுப் போட மாட்டேன். மேலே போய் மாதக்கணக்கில் ஆய்வு செய்துவிட்டு, செய்ததைப் பத்திரமாகக் கீழே கொண்டுவர என்றால் போடுவேன்.

மிச்சமிருப்பது நடுத்துண்டு. ஒலியின் 25 மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை. இஸ்ரோ அடுத்துச் செய்யப்போவதாகச் சொல்வது இப்போதைய கலத்தைவிட 1.6 மடங்கு பெரியது, ஜி.எஸ்.எல்.வி. அடுக்குகளைக்கொண்டு செய்த ராக்கெட்டில் ஏறிச் சுற்றுப்பாதைக்குப் போய்த் திரும்ப வேண்டியது. அதை ஹெலிகாப்டரில் ஒத்திகை பார்க்க முடியாது. சோவியத் ரஷ்யாவின் புரான் 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் இரண்டு சுற்று சுற்றி, பலத்த பக்கக்காற்றில் தானே வந்து இறங்கியது. அதற்கு முன் அவர்கள் சின்ன மாதிரிகளைச் சுற்றுப்பாதைக்கே அனுப்பி ஓடுகளைச் சோதித்திருந்தார்கள். அப்படி இறங்கிய புரான் அதற்குப் பிறகு பறக்கவே இல்லை. 2002-ல் அது நின்ற கொட்டகையின் கூரை இடிந்து விழுந்து நசுங்கியது.

“மீண்டும் பயன்படுத்தும்” என்ற சொல்லை நான் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். பத்திரமாக இறங்கினால் மட்டும் அந்தப் பெயர் வந்துவிடாது. ஷட்டிலே 30 வருடத்தில் 135 முறைதான் போனது. ஒரு வருடத்தில் ஒன்பதுக்கு மேல் போனதே கிடையாது. ஒரே கலம் ஒருமுறை கிளம்பியதிலிருந்து மறுபடி கிளம்ப எடுத்த மிகக் குறைந்த காலம் 54 நாள், அதுவும் 1985-ல் ஒரே ஒருமுறை. ஓடு ஓடாகத் தட்டிப் பார்த்து, கழற்றி, ஒட்டி, இன்ஜினை இறக்கி ஏற்றி… செலவு அங்கேதான் போனது.

ஆகவே செல்லகெரேச் செய்திகளில் எனக்குப் பிடித்த வரி, யாரும் தலைப்பில் போடாத வரி: மார்ச்சில் இறங்கிய அதே உடலைத்தான், மாற்றம் எதுவும் செய்யாமல், ஜூனில் மறுபடி விட்டார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாலாற்று மணலில் எனக்குத் தெரியும். எங்கள் கிளைடரின் உடைந்த வாலைப் பசை போட்டு ஒட்டினோம். பசையின் எடையில் வால் கனத்துப்போய், மூன்றாம் தடவை விட்டவுடனேயே அது மல்லாந்தது. பையன்கள் மணலைத் துழாவித் தெறித்த நாணயத்தைக் கண்டுபிடித்தார்கள். அதோடு என் சட்டைப்பையிலிருந்து இன்னொரு நாணயத்தையும் சேர்த்து மூக்கில் ஒட்டிய பிறகுதான், நான்காம் தடவை நேராக வந்து இறங்கியது.